பின்னால் யாரும் வேண்டாம்

என் முதுகில் கை வைக்காதவர்கள் பெருங்களத்தூரில் ரொம்பக் குறைவு. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். ரயில்வே கேட் திறந்ததும் பஸ், லாரி, மாடு, மனிதர் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். நடுவில் என் மூன்று சக்கர வண்டியும் கிளம்பும். தண்டவாள மேட்டில் ஏறத் தொடங்கும்போதே பின்னாலிருந்து ஒரு கை வந்துவிடும். கீரைக்காரம்மா தள்ளியிருக்கிறாள். போலீஸ்காரர் தள்ளியிருக்கிறார். காலேஜ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளி என்னைச் சாக்கடைக்குள் இறக்கப் பார்த்தார்கள். ஒருத்தர் தள்ளி முடித்துவிட்டு, தள்ளின கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர் இழுத்த திருப்தி அவருக்கு. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மூன்று பேருக்குத் தப்பு நம்பர் போட்டுக் கொடுத்தேன்.

நான் தனம். ஜி.எஸ்.டி. ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். இரண்டரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போனது. கால் போனதற்கு அரசாங்கம் முதலில் வண்டி கொடுத்தது, இருபத்தைந்து வயதில் பூத் கொடுத்தது. நான் சொல்லும் கதை 1994 கடைசியில் தொடங்கியது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

பூத்தில் உட்காருவது சுலபமான வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். அதுதான் என் வியாதியே. காலை ஏழு மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் இறங்குவேன். கண்ணாடி அறைக்குள் ஒருத்தன் துபாயோடு பேசுவான், ஒருத்தி பம்பாயோடு அழுவாள். நான் ஸ்டூலில் இருப்பேன். வெளியே செங்கல்பட்டு பஸ் போகும், மாமல்லபுரம் வேன் போகும், மறைமலை நகருக்குக் கம்பெனி பஸ் போகும். நான் ஸ்டூலில் இருப்பேன். உடம்புக்குள் ஒரு எறும்பு ஓடிக்கொண்டே இருந்தது, அது எங்கே என்று கண்டுபிடித்துத் தட்டிவிட முடியவில்லை.

காலையில் கொண்டுவந்து விடுவதும் ராத்திரி கூட்டிப் போவதும் என் அண்ணன் சம்பத். மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. எனக்காகவே ஷிஃப்ட் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வான். அவனுக்குப் பதின்மூன்று வயதாகவும் எனக்கு ஒன்பது வயதாகவும் இருந்தபோது வண்டி வந்தது. அன்றைக்குப் பின்னால் போய் நின்றவன்தான். இத்தனைக்கும் அது கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. நெஞ்சுக்கு நேராக இரண்டு கைப்பிடி, அதைச் சுற்றினால் செயின் இழுத்து முன் சக்கரம் ஓடும். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் சம்பத் பின்னால் நின்றுவிட்டால் நான் சுற்றுவதெல்லாம் ஒப்புக்குத்தான். திட்டினால் "சரி" என்பான். தள்ளுவதை மட்டும் நிறுத்த மாட்டான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநிவாசராகவன் சார் பூத்துக்கு வந்தார். பீர்க்கன்கரணைக் காலனியில் இருக்கிற பேங்க் ஆபீசர். சர்க்கரை வந்துவிட்டது, உடம்பை அசை என்று டாக்டர் சொன்னதால் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, ஞாயிறு தவறாமல் எங்கேயாவது கிளம்பிவிடுவார். அன்றைக்குத் தலையிலிருந்து கால் வரை செம்மண். பெங்களூரில் இருந்த பையனிடம் பேசிவிட்டு, முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"இன்னா சார், எங்கனா விய்ந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"விழலைம்மா. குவாரி மலைக்குப் போயிட்டு வரேன். நெடுங்குன்றம் போற வழியில, முன்னால கல் லாரி ஏறிண்டிருந்த பாதை இருக்கு பாரு, அதுல உச்சி வரைக்கும். சின்ன கியர்ல போட்டுட்டா மெதுவா மெதுவா ஏறிடறது. நம்பவே முடியலை."

"மேல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லை. காத்துதான். ஏரி தெரியும், ரயில் போறது தெரியும்."

"என் வண்டி ஏறுமா சார்?"

அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ரொம்ப அன்பாகச் சொன்னார். "உனக்கு எதுக்கும்மா அந்தக் கஷ்டமெல்லாம். ஒருநாள் எங்க கார்ல கூட்டிண்டு போய்க் காட்டச் சொல்றேன்."

கேலி பண்ணியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அன்பாகச் சொன்னதால் மறக்க முடியவில்லை. காட்டுவாராம். எனக்கு எல்லாவற்றையும் யாராவது கூட்டிப் போய்த்தான் காட்டியிருக்கிறார்கள். மெரினாவைக் காட்டினார்கள், திருநீர்மலையை அடிவாரத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லாத ஒரு மொட்டை உச்சிக்கு நானே ஏறிப் போக வேண்டும், வழியில் ஒரு கையும் என் மேல் படக்கூடாது. இந்த ஆசை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எறும்பு எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது.

அதே வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. குவாரி மலையடியில் பிளாட் போடுகிறார்கள். மஞ்சள் கல் நட்டாகிவிட்டது, பொங்கல் முடிந்ததும் பாதையை வெட்டிச் சமப்படுத்தி வேலி போட்டுவிடுவார்கள். பூத்துக்கு போன் பேச வந்த பிளாட் ஏஜெண்ட் வாயாலேயே கேட்டேன். கையில் இருந்தது ஏழு வாரம்.

சம்பத்திடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கெயமை இட்டுகினு போறேன்," என்றான். நான் கேட்டது இட்டுக்கொண்டு போவது இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

பூத்துக்கு அடுத்த கடை ஏசுபாதத்தின் சைக்கிள் கடை. நாற்பது வயது, நாக்கில் முள், கையில் வித்தை. அவருக்குத் தெரிந்தவரின் மீன்பாடி வண்டியை வாங்கி, அதில் என் வண்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சம்பத்தோடு மூன்று பேரும் மலையடிக்குப் போனோம். பாதை அகலமாகத்தான் இருந்தது. செம்மண், நடுநடுவே ஜல்லி. முதலில் சாய்வு லேசு, வளைவு தாண்டினால் செங்குத்து. காலை வெயில் முதுகில் அடித்தது. நான் சுற்றத் தொடங்கினேன்.

வண்டி ஏறியது. எனக்கே ஆச்சரியம். தோள் வலித்தது, மூச்சு வாங்கியது, ஆனால் ஏறியது. இவ்வளவு நாள் இது தெரியாமல் போயிற்றே என்று வாய்விட்டுச் சிரித்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். எனக்கு முன்னால் என் நிழல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு தலை.

"கைய எடு," என்றேன்.

"நான் தள்ளல. சும்மா புடிச்சிகினு கீறேன்," என்றான் சம்பத்.

"எடுன்றேன்."

எடுத்தான். வண்டி நின்றது, பிறகு பின்னால் உருண்டது. கைப்பிடி என் கையை உதறிக்கொண்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. வண்டி நேராக அவன் முழங்காலில் போய் மோதி நின்றது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் வண்டியிலிருந்து சரிந்து ஜல்லியில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன்.

"அதான் சொன்னேன்," என்றான்.

"நீ ஒண்ணும் சொல்லல. நீ இனிமே வராத."

"நான் வரலன்னா யாரு உன்ன இட்டாருவாங்க?"

அது உண்மை. அதனால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது. வீட்டுக்குத் திரும்பினோம். அவன் வழக்கம்போல் தள்ளிக்கொண்டு வந்தான்.

மறுநாள் ஏசுபாதம் பூத் வாசலில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "பலம் கைல இல்லாம இல்ல தனம். வண்டிலதான் கோளாறு. அந்த பேங்க் சாரு சைக்கிளு பின் ரோதைல பல்லுச் சக்கரம் ஆறு கீது. பெரிசுல செயினப் போட்டா நீ நாலு சுத்து சுத்தணும், வண்டி ஒரு சுத்துதான் போவும். ஆனா கை வலிக்காது. அத்த ஒண்ணு புடிச்சா போதும்."

"அத்த எங்க புடிக்கறது?"

"சாருக்கு இன்னும் பேலன்ஸ் பத்தல. எப்டியும் விய்வாரு."

விழுந்தார். இரண்டே வாரத்தில். ஆளுக்குச் சிராய்ப்பு, பின் சக்கரம் நெளிந்து அப்பளம். பாரிமுனையில் போய்ப் புதுச் சக்கரம் வாங்கி மாட்டிக்கொண்டு, பழையதை ஏசுபாதத்திடம் விட்டுவிட்டார். எதற்கு என்று ஏசுபாதம் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்றாம். சாயங்காலம் பூத்துக்கு வந்து, உபரியாக வைத்திருந்த தடித்த டயரையும் மேஜை மேல் வைத்தார். "அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு தோணித்தும்மா," என்றார். தோளுக்கு என்ன எண்ணெய் தடவுகிறார் என்று கேட்டேன்.

கியர் மாட்டி முடிய பத்து நாள் ஆயிற்று. தண்டவாள மேட்டில்தான் சோதனை. கேட் திறந்தது, சின்ன கியரில் போட்டேன். அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் போக, நான் மட்டும் நத்தை மாதிரி ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தேன், யார் தயவும் இல்லாமல். பாதி மேட்டில் ஒரு கை வந்தது. "கை வைக்காதீங்க," என்று கத்தினேன். கீரைக்காரம்மா. அவள் முகம் விழுந்துவிட்டது. "நல்லதுக்குக் காலமில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். ஏசுபாதம் என் இருக்கையின் பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில் 'தள்ள வேண்டாம்' என்று எழுதிவிட்டார். அதற்கும் பலன் இல்லை. நின்று படித்துவிட்டு, "ஏம்மா தள்ள வேணாம்னு எய்தியிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்கள்.

டிசம்பர் கடைசியில் திரும்பவும் மலைக்குப் போனோம். சம்பத்தும் வந்தான். லேசான சாய்வு முழுக்க நானே ஏறினேன். இந்தத் தடவை நிழலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன், ஒரே தலைதான். வளைவைத் தாண்டியதும் வண்டி நின்றது. கை சுற்றுகிறது, முன் சக்கரமும் சுற்றுகிறது, ஜல்லி பறக்கிறது, வண்டி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. அழுகை வந்தது. என்னதான் ஆயிற்று என்று சக்கரத்தைப் பார்க்க முன்னால் குனிந்தேன். குனிந்ததும் சக்கரம் மண்ணைக் கவ்வி வண்டி ஒரு அடி ஏறியது. நிமிர்ந்தேன், வழுக்கியது. மறுபடி குனிந்தேன், கவ்வியது.

கீழே இருந்த ஏசுபாதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரம் முன்னால வரணும்," என்றார். "பின்னால குந்திகினு கீற வரைக்கும் இது ஏறாது. நீ படுத்துதான் ஓட்டணும்."

அப்படித்தான் ஆனது. இருக்கையைக் கழற்றிவிட்டு, முன் சக்கரத்துக்கு மேலே ஒரு சாய்ந்த பலகை. அதில் பழைய பஸ் சீட்டிலிருந்து எடுத்த பஞ்சு, மேலே ரெக்சின். நான் அதில் நெஞ்சை அழுத்திக் குப்புறச் சாய்ந்துகொள்ள வேண்டும். முழங்கால்கள் பின்னால் ஒரு தட்டில் மடங்கி இருக்கும், சைக்கிள் டியூபைக் கிழித்துப் பட்டையாகக் கட்டிவிடுவார்கள். புடவை கட்டி இதில் ஏற முடியாது. சம்பத்தின் கம்பெனி பேண்ட் ஒன்றை வெட்டிச் சுருக்கிப் போட்டுக்கொண்டேன்.

என் அம்மா செல்லியம்மாள் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வயசுப் பொண்ணு இப்டி கவுந்துகினு போனா நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

"இவ்ளோ நாளு பாவம்னு சொன்னாங்க. இனிமே வேற எதுனா சொல்லட்டும்," என்றேன்.

கடைசியாக ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. தடித்த டயர் போட்டதில் பிரேக் கட்டை இரண்டு பக்கமும் உரசியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கர்ரென்று சத்தம், கை கனத்தது. "வேற மாதிரி கட்டை வச்சிக் கட்டணும். இன்னும் நாலு நாளு ஆவும்," என்றார் ஏசுபாதம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. போகிக்கு முந்தின ஞாயிறுக்கு நாள் குறித்திருந்தோம், அதை விட்டால் வேறு ஞாயிறு இல்லை.

"கயட்டிப் போடுங்க. நான் எப்போ பிரேக்கு புடிச்சிருக்கேன்," என்றேன்.

அவர் கழற்றி, பழைய சாமான் டப்பாவில் போட்டார். சம்பத் பக்கத்தில் நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்று பேருக்குமே அது சரியாகத்தான் பட்டது.

ஞாயிறு காலை ஆறரைக்கு மலையடியில் இறங்கினோம். ஏசுபாதம் சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார், அதற்கு என்னைத்தான் திட்டினார். சம்பத்திடம் நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பத்தடி தள்ளி வர வேண்டும், நான் கூப்பிடாமல் வண்டியைத் தொடக்கூடாது. அவன் தலையாட்டினான். தோளில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணிப்பையும் மாட்டியிருந்தான்.

ஏறுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலு சுற்றுக்கு ஒரு முழம். ரெக்சின் வியர்வையில் வழுக்கியது. முகம் தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் எறும்புப் புற்று, உடைந்த பாட்டில், ஆட்டுப் புழுக்கை எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. களைத்து நின்றால் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். கைப்பிடியை இறுக்கிக்கொண்டால் அப்படியே நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டே நாலு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சுற்றுவேன். வளைவில் சக்கரம் வழுக்கியது. தாடை கம்பியில் இடிக்கிற அளவுக்கு முன்னால் போய் அழுத்தினேன். கவ்வியது. பின்னால் சம்பத்தின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஒருதடவை அது இரண்டடி வேகமாக நெருங்கியது.

"அங்கியே நில்லு," என்றேன். நின்றது.

ஒண்ணேகால் மணி நேரம். உச்சியில் ஸ்ரீநிவாசராகவன் சார் சொன்னது போலவே ஒன்றும் இல்லை. லாரி திரும்புகிற அளவுக்கு ஒரு வெட்டவெளி, ஒரு பக்கம் கல் வெட்டி எடுத்த பள்ளம், காற்று. தூரத்தில் மின்சார ரயில் ஒன்று தாம்பரத்துப் பக்கம் போனது. எனக்கு மேல் ஒருத்தரும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம், கத்தலாம் போல இருந்தது. சம்பத் பத்தடி தள்ளி நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான், கிட்ட வரலாமா என்று கேட்கிற மாதிரி. வரச் சொன்னேன். குடித்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, எனக்கு அங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. இறங்க வேண்டும் போல இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

திருப்பியதும் சம்பத் பின்னால் போய் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உடு," என்றேன்.

"உட்டா எப்டி எறங்குவே?"

"ஏறினவளுக்கு எறங்கத் தெரியாதா? பிரேக்கு..." என்றேன். பழைய சாமான் டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

அவனும் அப்போதுதான் நினைத்தான். முகத்தில் தெரிந்தது. ஏறும்போது வண்டி பின்னால் உருண்டால் கைப்பிடியால் நிறுத்தலாம். முன்னால் உருளும்போது கைப்பிடி சும்மா கிடக்கும், அதைப் பிடித்து ஒன்றும் ஆகாது. ஏழு வாரமாக மூன்று பேர் ஏறுவதையே யோசித்திருக்கிறோம். தண்டவாள மேட்டிலும் நான் ஏறியதைத்தான் பார்த்தோம். அந்தப் பக்கம் இறங்கும்போது சம்பத் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இருபது வருஷமாக என் வண்டிக்குப் பிரேக் அவன்தான். கழட்டிப் போடுங்கள் என்று வாய் கூசாமல் சொன்னவள் நான்.

"இன்னா இப்போ, ஏறிட்ட இல்ல? அது போதாதா?" என்றான் சம்பத் மெதுவாக. "நான் புடிச்சிகினு வரேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

யாரிடமும் சொல்ல மாட்டானாம். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது, ஆத்திரத்தில். திருநீர்மலை அடிவாரத்தில் அழுதபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கும் இவன்தான் பின்னால் இருந்தான், அன்றைக்கும் இப்படித்தான் மெதுவாகப் பேசினான். பாதி வழி நான் போனது, பாதி வழி என்னைக் கொண்டுவந்தது என்றால், நாளைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து எதை நினைப்பேன்? இறங்கும் பாதியைத்தான் நினைப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

சுற்றிப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் யாரோ விறகுக்கு வெட்டிப் போட்ட வேலிகாத்தான் கிளை கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், கவட்டையும் முள்ளுமாக.

"அத்த இயுத்துகினு வா," என்றேன். "பின்னால கட்டு. தரையில தேச்சிகினே வந்தா வண்டி ஓடாது."

அவன் கிளையைப் பார்த்தான். வேலையில் அவன் கெட்டிக்காரன், சொன்னதும் பிடித்துக்கொண்டான். துணிப்பையிலிருந்து ஒரு கயிறு எடுத்தான்.

"கயிறு எதுக்கு எடுத்துகினு வந்தே?"

"உன்னால முடியலன்னா இயுத்துகினு போலாம்னு."

திட்ட வாய் வந்தது. ஆனால் அந்தக் கயிறு இல்லாமல் கிளையைக் கட்ட முடியாது. அவன் கிளையை இழுத்து வந்து வண்டியின் அடிச்சட்டத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். போதாது என்று கவட்டையில் பெரிய கல் ஒன்றை வைத்துக் கட்டினான். மறுபடி இழுத்துப் பார்த்தான். கையெல்லாம் முள் கீறியிருந்தது.

"கிளை வேணாம் தனம். நானே கயிறப் புடிச்சிகினு பின்னால வரேனே," என்றான். "கிளை மாதிரியே வரேன். ஒண்ணும் பேச மாட்டேன்."

"வேணாம்."

"விய்ந்துட்டா?"

"விய்ந்தா வந்து தூக்கு. விய்றதுக்கு முன்னால வராத."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

முதல் பத்தடி வண்டி நகர மறுத்தது. பிறகு நகர்ந்தது, பிறகு ஓடியது. பின்னால் கிளை ஜல்லியை வாரிக்கொண்டு ஓலமிட்டது. தலை கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்ததால் உடம்பு மொத்தமும் முன்னால் வழிந்துவிடும் போல இருந்தது. முழங்கையை ஊன்றி என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. வாய்க்குள் மண். வளைவு வந்தது. வலது பக்கம் ஒடித்தேன், வண்டி திரும்பியது, கிளை திரும்பவில்லை, அது போய்ப் பாறையில் மாட்டி வண்டியை ஒரு உலுக்கு உலுக்கியது. இடது சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அண்ணா என்று நாக்கு நுனி வரை வந்தது. கூப்பிடவில்லை. சக்கரம் தானாகவே கீழே வந்தது, கல் கழன்று உருண்டது, கிளை பாறையிலிருந்து விடுபட்டது, வண்டி முன்னைவிட வேகமாக ஓடியது. அதற்கு அப்புறம் சாய்வு லேசாகிவிட்டது. மஞ்சள் கல் நட்ட பிளாட்டுகள் இரண்டு பக்கமும் வந்தன. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. வண்டி தானாக நின்றது.

ஏசுபாதம் ஓடிவந்தார். என்னைப் பார்க்காமல் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "பிரேக்கு," என்றார். "தனம், பிரேக்கு..." என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சிரித்துக்கொண்டே மலைப் பக்கம் பார்த்தேன். சம்பத்தைக் கூப்பிட்டுக் கைகாட்ட வேண்டும் என்றிருந்தது. ஜெயித்தவள் நான், அவன் பார்க்க வேண்டாமா.

வளைவில் அவன் வந்துகொண்டிருந்தான். ஓடி வரவில்லை. நான் நின்றுவிட்டதை மேலிருந்தே பார்த்திருப்பான் போல, நடந்துதான் வந்தான். உடம்பு முன்பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. இரண்டு கையும் இடுப்பு உயரத்தில் முன்னால் நீண்டு, விரல்கள் பாதி மூடி இருந்தன. கைக்குள் ஒன்றும் இல்லை. நாலு அடி நடந்த பிறகு அவனே கவனித்தான் போலிருக்கிறது. கையைக் கீழே தொங்கவிட்டான், பேண்ட் பைக்குள் விட்டான். இன்னும் நாலு அடி வைப்பதற்குள் இரண்டு கையும் தானாக வெளியே வந்து பழைய இடத்தில் நின்றன. முப்பத்து மூன்று வயது ஆள், காலி வழியில், இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இத்தனை வருஷத்தில் ரோட்டில் அவன் நடந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் பின்னால் இருந்தான், நான் எப்போதும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகள் என் முதுகை மட்டும்தான் அழுத்திக்கொண்டிருந்தன என்று நினைத்து, அத்தனை வருஷமும் அவனைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

பக்கத்தில் வந்து நின்றான். எங்கே அடிபட்டிருக்கிறது என்று கண்ணாலேயே தேடினான். பிறகு பழக்கத்தில் வண்டியின் பின்பக்கம் போகக் காலை எடுத்து வைத்தான், சட்டென்று நின்றான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றான்.

"முன்னால நட," என்றேன். "மெயின் ரோடு வரைக்கும். நான் பின்னால வரேன்."

"முன்னாலயா?" என்றான்.

பிறகு கிளையை அவிழ்த்து ஓரமாகப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி முன்னால் போய் நடக்கத் தொடங்கினான், இரண்டடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு.